மகரந்தத்தை எடுத்து வைக்கும் முறை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. திருச்சுழியில் சித்தி வீட்டுத் தக்காளி பூத்து ஓயும்போதுதான் பாலவனத்தத்தில் உன் செடி மொட்டு விடுகிறது, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். முந்திப் பூத்ததன் மகரந்தத்தை எடுத்து வைப்பதுதான் வழி. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மகரந்தத்தைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் சேமிக்கிறது. உனக்கு வீட்டு ஃபிரிட்ஜ் போதும்.

மகரந்தத்தைக் கெடுப்பவை ஈரமும் சூடும். ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து உயிரணுவைச் சிதைத்துவிடும். அதனால் முதலில் காயவைக்க வேண்டும், பிறகுதான் குளிர். இதில் நம் கரிசல் சீமைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மாசி, பங்குனியில் இங்கே காற்றில் ஈரமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் பாடு.

அன்றைக்கு விரிந்த பூவைக் காலையில் பனி உலர்ந்ததும் பறிக்கச் சித்தியிடம் சொல். நடுவில் கூம்பாக நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகளை இடுக்கியால் பிரித்து, வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, நிழலில் ஒரு நாள் வைக்க வேண்டும். வெயில் கூடாது, ஃபேன் காற்றும் கூடாது. மறுநாள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, விரலால் தட்டினால் அடியில் வெளிர்மஞ்சள் மாவு படியும். சக்கையை எறிந்துவிட்டு, மாவைச் சிறு சிறு காகிதப் பொட்டலங்களாக மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்றிவிடு. இப்படி வைத்த தக்காளி மகரந்தம் ஃபிரிட்ஜில் சில வாரங்கள் தாங்கும், ஃப்ரீசரில் இன்னும் கூடுதலாக.

வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதே. அறையின் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, காயவைத்த உழைப்பெல்லாம் வீண். மகரந்தம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளி நுண்ணோக்கி போதும். பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு சர்க்கரையும் துளி போரிக் அமிலமும் கரைத்து, அதில் தூவிச் சில மணி நேரம் கழித்துப் பார். உயிருள்ள துகளிலிருந்து நூல்போல ஒரு குழல் நீண்டிருக்கும். நான் எத்தனையோ முறை பார்த்தும் அலுக்காத காட்சி அது.

உன் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பிரித்து, அதன் மகரந்தப்பைகளை நீக்கிவிட்டுச் சூல்முடியில் சேமித்த மகரந்தத்தைத் தொட்டு வை. சித்திரைக்கு முன்பே முடித்துக்கொள்; அந்த வெயிலில் தக்காளி காய் பிடிக்காது.

எல்லாப் பூவும் இப்படிக் காத்திருக்காது. நெல், சோளம் போன்ற புல்லினங்களின் மகரந்தம் வெகு சீக்கிரம் செத்துவிடும். சீத்தாவும் அப்படித்தான். சீத்தாப் பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகுதான் ஆணாகும். அதில் மகரந்தம் எடுத்தால் கையோடு கையாகத் தடவிவிட வேண்டும்.

சித்தி அனுப்பும் பொட்டலத்தின் மேல் செடியின் பெயரும் பறித்த தேதியும் இருக்கட்டும். தேமல் கண்ட செடியில் பறிக்க வேண்டாம், சில நச்சுயிரிகள் மகரந்தத்தோடும் பரவும். எது தாய், எது தந்தை என்று நோட்டில் எழுதிவிடு. மாமர ரகங்களில் நீலம் தாயாகி தசேரி தந்தையானபோது மல்லிகா மாம்பழம் கிடைத்தது. தசேரியைத் தாயாக்கியபோது ஆம்ரபாலி. இரண்டும் வேறு வேறு மாம்பழம்.

முதல் தலைமுறைச் செடிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஏமாந்துவிடாதே. அவற்றின் விதையை மறுபடி விதைத்தால்தான் நிறமும் வடிவும் பலவாகப் பிரிந்து வரும். அதற்கு இடம் நிறைய வேண்டும், கொல்லையில் இப்போதே பாத்தி ஒதுக்கி வை.

அன்புடன்,
மாமா