பயிரின் கடிகாரமும் வெப்பமும்

தொட்டாற்சுருங்கியை இருட்டில் வைத்தாலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிவதை 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் எடுத்துரைத்தார். பயிருக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டென்பதை அறிய இதுவே தொடக்கமாயிற்று.

எம்மரபணு எவ்வேளையில் தொழிற்பட வேண்டும் என்பதை இக்கடிகாரம் வகுக்கிறது. ஆகவே, ஒரே அளவான வெப்பமோ குளிரோ தாக்கினும், காலையில் பயிர் அதனை எதிர்கொள்ளும் விதம் வேறு, இரவில் வேறு.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். நெற்பூக்கள் பெரும்பாலும் முற்பகலில் மலர்கின்றன. அவ்வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்டால் மகரந்தம் பயனற்றுப்போய், மணி பிடிக்காமல் பதராகும். பூ மூடிய பின்னர் அதே வெப்பம் வந்தால் கேடு குறைவு.

இரவு வெப்பமும் தீங்கு தரும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில், வறண்ட பருவத்து இரவு வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் விளைச்சல் 10 சதவீதம் குறைவதாக 2004-இல் அறிவிக்கப்பட்டது. வெப்பமான இரவுகள் கதிரிலுள்ள மரபணுக்களின் நாளொழுங்கைக் குலைக்கின்றன என்பது 2021-இல் வெளியான ஆய்வின் முடிவு.

எனவே, பூக்கும் நாட்கள் கடுங்கோடையில் அமையாதவாறு வயதறிந்து இரகத்தைத் தெரிந்து, நாற்று விடும் நாளைக் கணித்தல் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் விதைப்புக்கு முன்பே உழவர்களைக் கூட்டி இதனை எடுத்துரைப்பாராயின், பதர் குறைந்து களம் நிறையும்.