புகைக்கு ஈரம், கல்லுக்கு உலர்வு: பென்னாகரத்திலிருந்து ஒரு வாட்டர்கலர் வழிகாட்டி

ஒகேனக்கல் அருவியை முதன்முதலாக வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது வெள்ளை ட்யூபைத்தான். படம் அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள். அருவியை யாரும் வரைவதில்லை. சுற்றியிருக்கும் பாறையை வரைந்து அருவியை விட்டுவைக்கிறோம்.

எதைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே முடிவெடுக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கலை வசப்படும். இதை நம்பிப் பிழைப்பு நடத்தவும் அதே குணம்தான் வேண்டும். பென்னாகரம் பக்கம் இருந்துகொண்டே இரண்டையும் பழக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள்.

ஊர்ப் பெயரே பாடம்

‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை. கல் நமக்கும் கல்தான். வாட்டர்கலரின் இரண்டு அடிப்படை உத்திகளும் இந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

புகைக்கு விளிம்பு கிடையாது. அதனால் தாளைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, ஈரத்தின் மேலேயே வண்ணத்தை விட வேண்டும். அது தானாகப் பரவி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் கரையும். கல்லுக்கு விளிம்பு உண்டு. அதற்குக் காய்ந்த தாள் வேண்டும். பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, படுக்கவைத்து, சொரசொரப்பான தாளின் மேல் வேகமாக இழுத்தால் வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டும். பாறையின் பொருக்கு தானாக வந்துவிடும்.

இடையில் இருப்பதெல்லாம் நேரக் கணக்கு. நனைத்த தாளுக்கு நான்கு நிலைகள் உண்டு. முதலில் தண்ணீர் குளமாக நிற்கும். அப்போது வண்ணம் வைத்தால் கட்டுப்படாது. அடுத்து, சாய்த்துப் பார்த்தால் ஒரே சீரான மினுக்கம் தெரியும். புகைக்கும் மேகத்துக்கும் அதுதான் நேரம். பிறகு மினுக்கம் போய் மங்கும். ஆபத்து இங்கேதான். இந்த நிலையில் தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷை வைத்தால் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃப்ளவர் பூ மாதிரி கறை விழும். தாளில் இருப்பதைவிட பிரஷ்ஷில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதே விதி. நான்காவது, முழு உலர்வு. புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

சித்திரை வெயிலில் இந்த நான்கு நிலைகளும் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வரையுங்கள். அதை விட்டால் மாலை நான்குக்கு மேல். புளியமர நிழல் நல்ல ஸ்டுடியோ. தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் படியவைத்தால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். கார்த்திகை மாதத்தில் இதற்கு நேர் எதிர்: ஒரு பூச்சு காய்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். குடித்துவிட்டு வாருங்கள், அவசரப்பட்டு இரண்டாவது பூச்சைப் போட்டால் சேறுதான் மிஞ்சும்.

எந்தத் தண்ணீர்?

கலை நூல்கள் பொதுவாகச் சொல்லாத, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் இது. தருமபுரியின் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடும் உப்பும் அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள். உப்புத் தண்ணீரில் சில வண்ணங்கள் திரிதிரியாகத் திரியும், மெல்லிய பூச்சு சீராகப் படியாது. ஒகேனக்கல் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ போதும். இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று வண்ணம் கலக்க.

காசை எதில் போடுவது?

முதலில் தாளில். பிறகு வண்ணத்தில். கடைசியாக பிரஷ்ஷில். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெல்லிய தாள் சுருண்டு மேடுபள்ளமாகிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளை முழு ஷீட்டாக வாங்குங்கள். 22க்கு 30 அங்குலம் இருக்கும். எட்டாக வெட்டினால் 7.5க்கு 11 அங்குலத்தில் எட்டுத் தாள்கள். பயிற்சிக்கு இரண்டு பக்கமும் பயன்படும்.

வண்ணம் ஆறு போதும்: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பச்சை சாய்ந்த இன்னொரு நீலம், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா. நம் செம்மண் கிட்டத்தட்ட பர்ன்ட் சியன்னாதான். அதோடு அல்ட்ராமரைனைக் கலந்தால் காவிரிப் பாறையின் சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் நிழல், சியன்னா கூடினால் வெயில். கறுப்பு ட்யூபை வாங்கவே வேண்டாம்.

ட்யூபின் மேல் பொடியாக அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைப் படிக்கப் பழகுங்கள். அல்ட்ராமரைன் என்றால் பிபி 29. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் மாறாது. பழைய அலிசரின் கிரிம்சனின் பிஆர் 83 வெளிச்சத்தில் வெளுக்கும் நிறமி. விற்கிற படத்தில் அதைப் போட்டால், சில வருஷம் கழித்து வாங்கியவர் வீட்டுச் சுவரில் ரோஜா வெளுத்துத் தொங்கும். உங்கள் பெயரும் அதோடு வெளுக்கும்.

ஒரு படம், ஆறு படிகள்

1. உள்ளங்கை அளவில் பென்சிலால் ஒரு சின்னப் படம். மூன்றே ஒளி நிலைகள்: வெள்ளை, நடுச்சாம்பல், அடர்த்தி. வெள்ளை எங்கே என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.
2. தாளில் மெல்லிய கோடு. நீரின் உட்புறத்தில் கோடே வேண்டாம்.
3. மேல்பாதியை நனைத்து, வானத்தையும் சாரலையும் ஒரே மூச்சில் முடியுங்கள். பலகை லேசாகச் சாய்ந்திருக்கட்டும்.
4. காய்ந்ததும் பாறைகளின் நடுநிறம். நீரை ஒட்டிய ஓரத்தில் உலர் பிரஷ்.
5. பாறை இடுக்குகளிலும் பரிசலின் அடியிலும் அடர்த்தி. கரையில் நின்று பார்த்தால் பரிசல் வட்டமல்ல, தட்டையான நீள்வட்டம்.
6. எழுந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மூன்று ஒளி நிலைகளும் பிரிந்து தெரிந்தால் நிறுத்துங்கள்.

மெல்லிய நீர்த்தாரைகளில் வண்ணம் படாமல் காக்க மாஸ்கிங் திரவம் பயன்படுத்தலாம். பிரஷ்ஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிரஷ் அன்றோடு சரி. திரவம் பூசிய தாளை வெயிலில் காயவைக்காதீர்கள். அது தாளோடு பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது தோலையும் சேர்த்துப் பிய்க்கும்.

ஒருமுறை ஆடி மாதத்தில் ஆற்றங்கரையில் வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற பரிசல்காரர் ஒருவர், “ஏன் சார், தண்ணிய நீலமா போட்டிருக்கீங்க? இப்ப செந்தண்ணி இல்ல வருது?” என்றார். நிமிர்ந்து பார்த்தேன். ஆறு செம்மண் கரைசலாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை நான் ஆற்றையே பார்க்கவில்லை. மனதில் இருந்த நீலத்தை வரைந்துகொண்டிருந்தேன். “சரிதாண்ணா” என்று இன்னொரு தாளை எடுத்தேன். தண்ணீர் கூடும் நாட்களில் பரிசல் ஓட்டவும் ஆற்றில் இறங்கவும் தடை போடுவார்கள். கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியாக ஏற்கெனவே வந்தவர்கள்

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து கிளம்பி, அப்போது பாராமகால் எனப்பட்ட நம் பகுதி வழியாகப் போனார்கள். ராயக்கோட்டை, ஜெகதேவி மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். களத்தில் செய்தது பென்சில் கோடும் மெல்லிய வாட்டர்கலரும்தான். லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக ‘ஓரியண்டல் சீனரி’ வரிசையை வெளியிட்டார்கள். ஒரே களப்படம் அச்சாகவும் எண்ணெய் ஓவியமாகவும் மறுபடி மறுபடி சம்பாதித்துக் கொடுத்தது. உங்கள் களக் குறிப்புகளைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். அதுதான் மூலதனம்.

நிலக்காட்சி வாட்டர்கலரில் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கலைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியத்தைச் சந்தைக்காக வளைக்காமல் இருக்க அது உதவியது. வேறு வேலை பார்த்துக்கொண்டு வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வருமானத்துக்கான வழிகள்

படிப்பு: பிளஸ் டூ முடித்தவர்கள் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஃப்.ஏ. படிக்கலாம். சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. வரைதிறன் தேர்வு உண்டு. பார்த்து வரைவதில் கை ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

டிராயிங் மாஸ்டர் வேலை: கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்களை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஆகவே அதை மட்டும் நம்பாமல், வார இறுதி வகுப்பையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

புத்தகப் படம்: சிறுவர் நூல் பதிப்பாளர்கள் ஒரு அழகான படத்தைவிட, ஒரே குழந்தை நான்கு பக்கத்திலும் அதே குழந்தையாகத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அப்படி நான்கு பக்கம் வரைந்து அனுப்புங்கள்.

சுற்றுலா: அஞ்சலட்டை அளவுப் படங்கள். விலை போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடுத்துக்காட்டுக்கு, பிரேம் போட்ட பெரிய படம் ஒன்றின் கணக்கு: உங்கள் நாள்கூலி 800 என்று வைத்தால் மணிக்கு 100. ஐந்து மணி நேரத்துக்கு 500, தாளும் வண்ணமும் 120, பிரேம் 450, ஆகமொத்தம் 1,070. கடைக்காரர் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு எடுப்பார் என்றால், 1,070இன் மேல் மூன்றில் ஒன்றைக் கூட்டி 1,427 என்று போடாதீர்கள். அவர் பங்கு போனபின் 951தான் மிஞ்சும். 1,605 போட்டால்தான் 1,070 கைக்கு வரும்.

ஆர்டர்: பாதிப் பணம் முன்பணம். திருத்தம் இரண்டு முறை மட்டும். இரண்டையும் எழுத்தில் வையுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்கே போகும். அதை அட்டையாக அச்சடித்து விற்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், ‘பதிப்புரிமை ஓவியருக்கு’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பிரேம்: நம் ஊர் பிரேம் கடைகளில் சாமி படத்துக்குச் செய்கிற மாதிரி பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் காகித நாடாவில் தொங்கவிட்டு, சுற்றிலும் மவுன்ட் அட்டை வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு முழு ஷீட்டை எட்டாக வெட்டுங்கள். நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஒகேனக்கல் போங்கள். பென்னாகரத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். ஒரே ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் தாளில் ஈரத்தின் மேல் மட்டும் வரையுங்கள். இரண்டாவதில் உலர் பிரஷ் மட்டும். மூன்றாவதில் இரண்டும். நான்காவது தாளில் பாறையோடு அருவியையும் சேருங்கள். அதாவது, அருவி இருக்கும் இடத்தைத் தொடாமல் வீடு வந்து சேருங்கள்.