சின்ன பட்ஜெட் பூதங்கள்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் பிடித்த படத்தைச் சொல்லச் சொன்னபோது, நாக்கு நுனி வரை வந்த 'டிரெமர்ஸ்' படத்தை விழுங்கிவிட்டு, எல்லோரும் மெச்சும் வேறொரு படத்தின் பெயரைச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மண்ணுக்கடியில் ஊரும் ராட்சதப் புழுக்களின் படம் பிடிக்கும் என்றால் சிரிப்பார்களே என்ற கூச்சம். அது உனக்கு வேண்டாம். உனக்குப் பிடித்தது நல்ல படம். ஏன் நல்ல படம் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் கூச்சம் தானே கழன்றுவிடும். இந்தப் பருவத்தில் நீங்களே ஒரு பூதப் படம் எடுக்கப்போவதாகவும் சொல்கிறாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் படத்தின் கரு எப்படிப் பிறந்தது என்று முதலில் தெரிந்துகொள். எஸ்.எஸ். வில்சன் இளம் வயதில் கலிபோர்னியாப் பாலைவனத்தில் இருக்கும் ஒரு கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் பாறைகளின் மேல் ஏறித் திரிந்துகொண்டிருந்தபோது, 'மண்ணுக்குள் ஏதோ ஒன்று இருந்துகொண்டு என்னைக் கீழே இறங்கவே விடாவிட்டால் என்ன செய்வேன்?' என்று தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான் கரு. பிறகு பிரென்ட் மேடக்குடன் சேர்ந்து அவர் திரைக்கதை எழுத, ரான் அண்டர்வுட் இயக்க, 1990-இல் படம் வந்தது.

நீ சின்ன வயதில் தெருவில் 'கல்லா மண்ணா' ஆடியிருப்பாய். மண்ணில் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள், கல் மேல் நின்றால் தப்பித்துவிடலாம். 'டிரெமர்ஸ்' முழுக்க அந்த ஆட்டம்தான். புழுவுக்குக் கண் கிடையாது. தரையின் அதிர்வை வைத்துத்தான் அது இரையைக் கண்டுபிடிக்கும். பாறையைத் துளைக்க அதனால் முடியாது. இந்த விதிகள் நமக்குப் பிடிபட்டதும் நாமும் ஆட்டத்துக்குள் இறங்கிவிடுகிறோம். அந்தப் பாறையிலிருந்து இந்தப் பாறைக்கு எப்படிப் போவது என்று பாத்திரங்களோடு சேர்ந்து நம் மூளையும் கணக்குப் போடுகிறது. நீண்ட கழிகளை ஊன்றித் தாவுகிறார்கள். வீட்டுக் கூரை மேல் ஏறுகிறார்கள். ஆளில்லாத சிறு டிராக்டரை ஓடவிட்டுப் புழுவின் கவனத்தைத் திருப்புகிறார்கள். கையில் இருக்கும் சாமானை வைத்தே ஒவ்வொரு வழியும் பிறக்கிறது. புழுக்களும் சும்மா இருப்பதில்லை. மனிதர்களின் வழியைக் கற்றுக்கொண்டு, வரும் வண்டிக்குக் குழி தோண்டி வைக்கின்றன. இரண்டு பக்கமும் மூளையோடு ஆடுகிற ஆட்டம் என்பதால்தான் முடிவு தெரிந்த பிறகும் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க முடிகிறது.

இப்போது தொடக்கத்தில் வரும் மின்கோபுரக் காட்சியை நினைத்துப் பார். ஊர்க்காரர் ஒருவர் துப்பாக்கியைப் பிடித்தபடி கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்தவாறே இறந்துகிடக்கிறார். பார்த்த டாக்டர், தண்ணீர் இல்லாமல் வறண்டு இறந்திருக்கிறார் என்கிறார். தாகத்தால் சாகும் வரை ஒரு மனிதர் ஏன் கீழே இறங்கவில்லை? திரையில் பூதம் இல்லை, ரத்தம் இல்லை, பெரிய செலவும் இல்லை. ஆனாலும் கீழே மண்ணுக்குள் என்னவோ இருக்கிறது என்று முதுகு சிலிர்க்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான். உன் குழுவினரோடு உட்கார்ந்து அதை ஒவ்வொரு ஷாட்டாகப் பார்.

பணம் குறைந்த பூதப் படங்கள் வழக்கமாக இருட்டில் ஒளிந்துகொள்ளும். பொம்மையின் தையல் தெரியக்கூடாதே! 'டிரெமர்ஸ்' பெரும்பாலும் பட்டப்பகலில், பாலைவன வெயிலில் நடக்கிறது. பூதத்தை மறைக்கும் வேலையை மண்ணே செய்கிறது. வேலிக் கம்பங்கள் வரிசையாகச் சாய்கின்றன, கடையின் தரைப் பலகைகள் துள்ளுகின்றன, மண் மேடாக எழும்பி ஓடி வருகிறது. புழுவைச் செய்தவர்கள் அலெக் கில்லிஸ், டாம் வுட்ரஃப் ஜூனியர் என்ற இருவர். செத்த புழுவைத் தோண்டி எடுக்கும் ஒரு காட்சி வரும். அதற்காக முழு அளவில் ஃபோமில் புழு செய்து, பள்ளத்தில் போட்டு, உண்மையாகவே மண்ணைத் தள்ளி மூடி, மறுபடி தோண்டியெடுத்தார்கள். அதன் தோலில் ஒட்டியிருக்கும் மண் நிஜம். அந்த நேர்மை திரையில் தெரிகிறது. படத்தின் செலவு சுமார் 1 கோடி டாலர். நமக்கு அது மலை. ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குச் சிறு தொகை. தியேட்டரில் சுமாராகத்தான் ஓடியது. வீடியோ கேசட்டாக வீடுகளுக்குள் போன பிறகுதான் மக்கள் அதைத் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனி. கெவின் பேக்கனும் ஃப்ரெட் வார்டும் ஊரில் கிடைத்த கூலி வேலையைச் செய்து பிழைக்கும் இருவராக வருகிறார்கள். இந்த ஊரே வேண்டாம் என்று மூட்டை கட்டிய நாளில் மாட்டிக்கொள்கிறார்கள். உயிர் போகும் நேரத்திலும் அவர்களின் வாய்ச்சண்டை ஓயவில்லை. யார் முன்னே போவது என்பதற்குக்கூடக் கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்க்கிறார்கள். வீட்டையே ஆயுதக் கிடங்காக்கி வைத்திருக்கும் தம்பதி, புழுவுக்குப் பெயர் வைக்கத் துடிக்கும் கடைக்காரர், நிலநடுக்கக் கருவியின் கோடுகளைப் படித்து விஷயத்தை ஊகிக்கும் மாணவி என்று எல்லோருமே அவரவர் இயல்போடு இருக்கிறார்கள். நாம் சிரிப்பது அந்த மனிதர்களின் குணத்துக்காக. படத்துக்குள் இருக்கும் ஒருவர்கூடப் பூதம் ரப்பர் என்று நினைத்து நடிக்கவில்லை. பயம் உண்மையாக இருப்பதால்தான் நகைச்சுவையும் நிற்கிறது.

குறைந்த செலவில் பூதப் படம் எடுக்கும் மரபு இன்னும் பழையது. 1955-இல் வந்த 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ' படத்தில் சான் பிரான்சிஸ்கோ பாலத்தையே பிய்க்கும் ராட்சத ஆக்டோபஸுக்கு ஆறு கைகள்தான். பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் நகர்த்தி உயிரூட்டியவர் ரே ஹாரிஹாசன். செலவையும் உழைப்பையும் குறைக்க இரண்டு கைகளை விட்டுவிட்டார். படம் பார்க்கும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ரோஜர் கார்மன் 1960-இல் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் முக்கியப் படப்பிடிப்பை, ஏற்கெனவே நின்ற செட்டில், இரண்டே நாளில் முடித்தார். மனிதர்களைத் தின்னும் ஒரு செடியின் கதை அது. பின்னாளில் அதுவே பெரிய மேடை இசை நாடகமாக வளர்ந்தது. சின்னப் பாத்திரம் ஒன்றில் நடித்த இளைஞர் ஜாக் நிக்கல்சன்.

'தி பிளாப்' (1958) படத்தை அவசியம் பார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அதுவரை மதப் பிரச்சாரப் படங்கள் எடுத்துவந்த இர்வின் இயவொர்த் இயக்கியது. பூதம் என்பது சிவப்புச் சாயம் கலந்த சிலிக்கோன் கூழ். முகம் இல்லை, குரல் இல்லை. தின்னத் தின்னப் பெருக்கும். குளிர் மட்டும் அதற்கு ஆகாது. இதிலும் ஒரு தெளிவான விதி! இளைஞர்கள்தான் அதை முதலில் பார்க்கிறார்கள். பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அந்தக் காலத்தில் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்தே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களை நிரப்பியதும் அதே இளைஞர்கள்தான். கூழ் தியேட்டருக்குள் புக, கூட்டம் அலறிக்கொண்டு வெளியே ஓடும் காட்சியை ஃபீனிக்ஸ்வில் என்ற சிற்றூரின் கலோனியல் தியேட்டரில் எடுத்தார்கள். அந்தத் தியேட்டர் இன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் படத்துக்கு விழாவே எடுக்கிறார்கள். கூடியவர்கள் அதே கதவு வழியாக அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த எத்தனை படங்களுக்கு இந்தப் பாசம் கிடைத்திருக்கிறது?

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இயக்குநர் விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்களைப் பற்றிக் கேள். அதே பாசத்தை அவர்கள் முகத்தில் பார்ப்பாய்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'ஷார்க்நேடோ' (2013) மாதிரி, மலிவாக இருப்பதையே ஜோக்காக்கும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. சூறாவளியில் சுறா பறக்கும் என்பது ஒருமுறை சிரிக்கப் போதும். அதற்கு மேல் எனக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. படம் எடுத்தவர்களே தங்கள் பூதத்தை நம்பாதபோது நாம் யாருக்காகப் பயப்படுவது? உன் நண்பர்கள் வேண்டுமென்றே மட்டமாக எடுக்கலாம், ஜாலியாக இருக்கும் என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. உங்களால் முடிந்த அளவுக்கு நன்றாகவே எடுங்கள்.

உங்கள் பத்து நிமிடப் படத்துக்கு என் யோசனை இதுதான். பூதம் எங்கே வர முடியாது, எதற்குப் பயப்படும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முடிவு செய்ததைக் கடைசி வரை மீறாதீர்கள். பூதம் வருவதற்கு முன்பே பாத்திரங்களுக்கு ஒரு வேலையும் ஒரு சண்டையும் இருக்கட்டும். உருவத்தைக் கடைசி இரண்டு நிமிடம் வரை காட்ட வேண்டாம். அது வந்துபோன தடத்தைக் காட்டினால் போதும். உங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருப்பதாகச் சொன்னாயே, அங்கே போய் ஒரு மாலை உட்கார்ந்து யோசித்துப் பார். கதை அங்கேயே கிடைக்கலாம்.

ஃபோம் வாங்க இப்போதே கடைக்கு ஓடாதே. முதலில் திரைக்கதையை எழுதி எனக்கு அனுப்பு. அடுத்த முறை வகுப்பில் கேட்டால், 'டிரெமர்ஸ்' என்று நிமிர்ந்து சொல்.

அன்புடன்,
அண்ணன்