விடியும்வரை காத்திராத நோய்கள்

இரவு பத்து மணிக்கு மேல் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ உடம்புக்கு முடியாமல் போனால், பெரும்பாலான வீடுகளில் எடுக்கப்படும் முடிவு ஒன்றுதான்: “காலையில பாத்துக்கலாம்.” அலட்சியத்தால் யாரும் இப்படிச் சொல்வதில்லை. பக்கத்து கிளினிக் பூட்டியிருக்கும். ஆட்டோக்காரர் நாயை ஏற்றத் தயங்குவார். அதுவே சரியாகிவிடும் என்று வீட்டில் ஒருவர் தைரியம் சொல்வார். அந்தத் தைரியத்துக்கு முட்டுக்கொடுக்க, வழிவழியாக வந்த சில நம்பிக்கைகளும் கைவசம் இருக்கும். அவற்றை எடுத்து வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் நம்மைக் காத்திருக்கச் சொல்பவை.

காத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேளை சோற்றை ஒதுக்கிய நாய்க்காகவோ, ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு வரும் நாய்க்காகவோ நடுராத்திரியில் தெருவை எழுப்ப வேண்டியதில்லை. எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது என்பதில்தான் இந்த நம்பிக்கைகள் நம் காலை வாரிவிடுகின்றன.

“வலி இருந்தா கத்தியிருக்குமே”

கத்தாது. குறிப்பாகப் பூனை கத்தாது. வலியை வெளிக்காட்டாமல் ஒதுங்கிக்கொள்வது அதன் இயல்பு. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், கூப்பிட்டால் வராது, அவ்வளவுதான். அதை நாம் கோபம் என்றும் சோம்பல் என்றும் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தத் தவறான கணிப்புக்கு அதிகம் பலியாவது ஆண் பூனைகள். அடிக்கடி மண் தட்டுக்குப் போய் உட்காரும், முக்கும், ஒன்றும் வராது. வீட்டில் மலச்சிக்கல் என்று முடிவுசெய்து விளக்கெண்ணெயைத் தேடுவார்கள். உண்மையில் பல நேரங்களில் அடைபட்டிருப்பது சிறுநீர்ப் பாதை. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளிபோன்ற பொருளும் சேர்ந்தால் மூடிக்கொள்ளும். முழுதாக அடைத்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்துடிப்பைக் குலைக்கும். மயக்கம் கொடுத்து ட்யூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றினால் பிழைத்துக்கொள்ளக்கூடிய பூனை, ஓர் இரவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தள்ளிப்போட்டதால் செத்துப்போகும். ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் திரும்புகிறதென்றால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

வண்டியில் அடிபட்ட நாய் எழுந்து நடந்துவிட்டால் ஆபத்தில்லை என்பதும் இதே ரகம்தான். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம், உதரவிதானம் கிழிந்திருக்கலாம். அது சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாகத்தான் வெளியே தெரியும்.

“மூக்கு ஈரமா இருக்கு, பயமில்ல”

மூக்கின் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. தூங்கி எழுந்த ஆரோக்கியமான நாயின் மூக்கு காய்ந்திருக்கும், சாகக் கிடக்கும் நாயின் மூக்கு ஈரமாக இருக்கும். நாயின் இயல்பான உடல்வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட அதிகம் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பார்க்க வேண்டியது ஈறு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழையபடி இளஞ்சிவப்பாக வேண்டும். வெள்ளைத்தாள் போல் வெளுத்தோ, நீலம்பாய்ந்தோ, பழுப்பாகவோ இருந்தால் நேரம் பார்க்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் முற்றிய நாய்க்கு ஈறு வெளுப்பது நம் ஊரில் அடிக்கடி காணும் காட்சி. ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக்கூடப் போகும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதுவும் அவசரம்தான்.

“பாராசிட்டமால்ல பாதி குடுத்தா போதும்”

குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து பூனையை என்ன செய்துவிடும் என்று நல்லெண்ணத்தோடு கொடுக்கிறார்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. உடையாமல் தங்கும் மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். அவற்றால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பேறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரேயொரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பாதி கொடுத்தாலும் விஷம்தான். குழந்தைகளுக்கான சிரப்பிலும் இருப்பது அதே மருந்துதான். இதற்கு மாற்று மருந்து உண்டு. மனிதர்கள் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் கொடுக்கும் அதே அசிட்டைல்சிஸ்டீன்தான். சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

நாய்க்கு இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் நாயின் எடையைச் சொல்லி மாத்திரை வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு மனிதர்களின் மருந்துதான் தெரியும். இன்னொன்று: நாய்க்கென்று வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனைமேல் தடவவே கூடாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகும்.

“உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வை”

விஷம் என்றதும் உப்புக் கரைசல், புளித்தண்ணீர், சோப்புத்தண்ணீர் என்று வாயில் ஊற்றுவதுதான் முதல் வேலையாக இருக்கிறது. உப்பை நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி மூளையைப் பாதிக்கும். அதுவே தனி விஷம். மண்ணெண்ணெய், பினாயில், கழிவறை ஆசிட் போன்றவற்றைக் குடித்த பிராணியை வாந்தி எடுக்க வைத்தால் வரும் வழியெல்லாம் மறுபடி புண்ணாகும். நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

எலி மருந்து விஷயத்தில் ஏமாற்றம் வேறு விதமானது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற நாய் முதல் இரண்டு மூன்று நாள் ஓடி விளையாடும். “அது ஒண்ணும் செய்யல” என்று வீடு நிம்மதியாகும். அதன்பிறகு மூக்கிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும், ஈறு வெளுக்கும். அந்த நல்ல நாட்களிலேயே போயிருந்தால் வைட்டமின் கே1 மருந்தோடு பெரும்பாலும் முடிந்திருக்கும் விஷயம். போகும்போது மருந்தின் அட்டையையோ பாக்கெட்டையோ மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள். எந்த ரகம் என்று தெரிந்தால்தான் எந்த முறிவு என்று டாக்டரால் சொல்ல முடியும்.

“வாயுத் தொல்லைதான்”

ஓமத்தண்ணீரில் தீரும் வாயு உண்டு. தீராத ஒன்றும் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்கூட ஆழ்ந்த மார்புக் கட்டு கொண்டவைதான். வயிறு பறைபோல் உப்பும், நாய் நிலைகொள்ளாமல் நடக்கும், திரும்பத் திரும்பக் குமட்டும், ஆனால் எச்சிலைத் தவிர ஒன்றும் வராது. கையில் இருப்பது சில மணி நேரம்தான், அறுவைச் சிகிச்சையே வழி.

“பார்வோ வந்தா குட்டி தேறாது”

கைவிட்டுவிடச் சொல்லும் நம்பிக்கை இது. மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கோபமூட்டுவதும் இதுதான். வாந்தியும், நாற்றமடிக்கும் ரத்தபேதியுமாகக் கிடக்கும் குட்டிக்கு, எப்படியும் போகப்போகிறது என்று மோரையும் இளநீரையும் வாயில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்வோ வைரஸ் குடலின் உட்படலத்தை அரித்து, வெள்ளையணுக்களையும் குறைத்துவிடும். உடலில் நீர் வற்றுவதும், அரித்த குடல் வழியே பாக்டீரியா ரத்தத்தில் கலப்பதும்தான் குட்டியைக் கொல்கின்றன. நிற்காமல் வாந்தி எடுக்கும் வயிற்றுக்குள் வாய்வழியாக எதை ஊற்றினாலும் தங்காது. நரம்பில் டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ஆன்டிபயாடிக் கொடுத்து சில நாள் தாங்கிப்பிடித்தால் பெரும்பான்மையான குட்டிகள் தேறிவிடுகின்றன. வீட்டிலேயே வைத்திருந்தால் பெரும்பாலானவை இறக்கின்றன. முதல் நாளே போகிறோமா, மூன்றாம் நாள் போகிறோமா என்பதுதான் கணக்கு.

தேறிய பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கும். அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெறும் டெட்டால் தண்ணீரை நம்பாமல் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். தடுப்பூசி முடியாத வேறு குட்டியை அங்கே விடாதீர்கள்.

“கடிவாயை இறுக்கிக் கட்டு”

தோட்டத்தில் பாம்பைப் பிடிக்கப்போய் மூக்கிலோ முன்னங்காலிலோ கடிவாங்கும் நாய்கள் நிறைய. கயிற்றால் இறுக்குவதும் பிளேடால் கீறுவதும் மனிதருக்கும் கூடாது, நாய்க்கும் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாராகும் முறிவு ஊசியைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுக்கிறது. சின்ன நாய்க்குக் கொஞ்சம் மருந்து போதும் என்பதும் தவறு. உடம்பில் ஏறிய விஷத்துக்கு ஏற்பத்தான் மருந்தின் அளவு. ஊசி விலை கூடுதல், எல்லா கிளினிக்கிலும் இருப்பு இருக்காது. கிளம்பும் முன் ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிப்பிலும் இதுபோன்ற கைவைத்தியம் கூடாது. வலிப்பு வந்த நாயின் வாயில் சாவி, கரண்டி, கை எதுவும் வேண்டாம். நாய் நாக்கை விழுங்கிவிடாது, உங்கள் விரலைக் கடித்துவிடும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் மறுபடி வந்தாலோ அவசரம். குட்டி போட்டுச் சில வாரமேயான பொமரேனியன் நடுங்கி விறைத்தால் பெரும்பாலும் கால்சியக் குறைவு. குட்டிகளைப் பால் குடிக்கவிடாமல் பிரித்துவைத்துவிட்டு ஓடுங்கள்.

“மாட்டாஸ்பத்திரியில நாயப் பாக்க மாட்டாங்க”

பார்ப்பார்கள். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு பயிற்சிக்காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதில் மாடு, ஆடு, குதிரை, கோழியோடு நாயும் பூனையும் உண்டு. சிறிய ஊர் மருந்தகத்தில் ஸ்கேனோ அறுவை அரங்கோ இருக்காதுதான். ஆனால் டிரிப்ஸ் ஏற்றி, ரத்தத்தை நிறுத்தி, பெரிய இடத்துக்கு அனுப்பும்வரை தாங்கவைக்க அங்கிருக்கும் டாக்டரால் முடியும். பெரிய இடம் என்றால் 1903-ல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளின் மருத்துவமனைகள். 1962 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஆனால் அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கான நடமாடும் சேவை. உங்கள் பூனைக்கு இரவு ஒரு மணிக்கு வண்டி வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் ராத்திரி யார் பார்ப்பார்கள், எங்கே எக்ஸ்ரே இருக்கிறது என்பதைப் பிராணி நன்றாக இருக்கும் ஒரு பகலிலேயே விசாரித்து ஃபோனில் பதிந்துவைப்பதுதான் செய்யக்கூடியது.

கொண்டுபோகும்போதும் கவனம் வேண்டும். அடிபட்ட நாய், தன்னை வளர்த்தவரையே கடிக்கும். துப்பட்டாவால் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால் கட்டாதீர்கள். பலகையிலோ போர்வையிலோ கிடத்தித் தூக்குங்கள், பூனையென்றால் மூடியுள்ள கூடை. காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் அப்பாமல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி போங்கள். பணம் போதாதே என்ற பயத்தில் வாசலிலேயே தயங்குபவர்கள் உண்டு. கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்பதை உள்ளே நுழைந்ததுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உயிருக்கு உடனே வேண்டியது எது, மறுநாள் அரசு மருத்துவமனையில் தொடரக்கூடியது எது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும்.