அறுவகைச் சுத்தியும் பள்ளி மாணாக்கரும்

(உபாத்தியாயர்களுக்குரிய பாடம்)

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் யோகம் மூன்றாவதாகும். அதன் உறுப்புக்களாகிய இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டினையும் திருமூலநாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் விரித்தருளினார். இந்நாளிலோ, யோகம் பயிற்றும் நல்வாழ்வு இல்லங்களிற் சில நாள் தங்கி மீள்வோருட் பலர், மூக்கில் நீர் விடுதலையும் உப்புநீர் பருகிக் குடல் கழுவுதலையுமே யோகத்தின் தலைவாயிலென்று எண்ணுகின்றனர். இவற்றை வன்னிநாட்டு வித்தியாசாலைகளிற் பயிற்றலாமோ என்பதே ஈண்டு ஆராயப்படும்.

1. சுத்திகள் இவை

அடயோக நூல்கள் கூறுஞ் சுத்திகள் ஆறு. தௌதி வயிற்றைக் கழுவுதல். வத்தி பெருங்குடலைக் கழுவுதல். நேதி மூக்குத் துளைகளைத் துப்புரவாக்குதல். திராடகம் ஒரு குறியை இமையாது நோக்குதல். நௌலி வயிற்றுத் தசையைச் சுழற்றுதல். கபாலபாதி மூச்சினை விரைந்து வெளிவிடுதல். தௌதிக்கு நான்கு விரல் அகலமும் பதினைந்து முழ நீளமுமுடைய நனைந்த துணியை, குரு காட்டிய வழியே மெல்ல விழுங்குக என்று அடயோகப்பிரதீபிகை விதிக்கின்றது. இதனால் இவை தாமே கற்றுச் செய்யத்தக்கன அல்ல என்பது தெளிவாம்.

2. யாவர்க்கு உரியன

கேரண்டசங்கிதை சுத்தியை யோகத்தின் முதற்படியாக வைக்கும். அடயோகப்பிரதீபிகை செய்த சுவாத்மாராமரோ, கொழுப்புங் கபமும் மிகுந்தோர் பிராணாயாமத்துக்கு முன் இவற்றைச் செய்க என்றும், ஏனையோர் செய்யவேண்டா என்றும் வரையறுத்தார். பிராணாயாமம் ஒன்றே மலமெல்லாம் போக்குமென்னும் ஆசிரியர் சிலர் கொள்கையையும் எடுத்தோதினார். ஆகவே இவை மருந்து போல்வன. நோயறியாது மருந்தூட்டுதல் அறிவுடைமையன்று. 1924ஆம் ஆண்டு உலோணாவ்லாவிற் கைவல்லியதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், நௌலி முதலியவற்றைக் கருவிகொண்டு அளந்து சோதித்தார். யோகத்தைப் போற்றினோரே அதனைச் சோதித்தறிய விரும்பினரென்பது நினைவுகூரத்தக்கது.

3. வன்னியிற் கவனிக்கவேண்டுவன

குடல் கழுவுவோர் இரண்டு இலீற்றர் அளவு உப்புநீர் பருகுவதுண்டு. இலீற்றருக்கு ஒன்பது கிராம் உப்பென்று கொள்ளின், அது பதினெட்டுக் கிராமாகும். வளர்ந்தோர் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ளுக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. பருகிய நீர் பெரும்பாலுங் கழிந்துபோமாயினும், தங்கியது சிறுநீரகத்துக்கும் இரத்தவழுத்தத்துக்குந் தீங்காம். 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரகநோய் வவுனியாப் பகுதியிலுங் காணப்படுகின்றது. அந்நோய் தொடக்கத்தில் அறிகுறி காட்டாது. நோயுடையார் இவரென முகம்பார்த்துச் சொல்லுதல் எவர்க்கும் அரிது. ஆதலின் மருத்துவர் உடன்பாடின்றி எவர்க்கும் இதனைச் செய்வித்தலாகாது. மாணாக்கர்க்கோ ஒருபோதும் வேண்டா.

நேதியும் எளிதென்று எண்ணற்க. 2011இல் அமெரிக்காவின் உலூசியானாவிற் காய்ச்சாத குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர். அவ்வுயிர் வெப்பமான நன்னீரில் வாழ்வது. பருகுநீரோடு வயிற்றினுட் சென்றால் இந்நோய் செய்யாது, மூக்கின் வழியே மூளைக்கேறும். இஃது அரிதேயெனினும் வந்தாற் பிழைப்போர் மிகச்சிலர். ஆதலின் குளத்துநீரும் கிணற்றுநீரும் காய்ச்சி ஆறாமல் மூக்கிற் படுதல் தகாது. ஒருவர் கெண்டியைப் பிறர் கொள்ளுதலுந் தவறு.

4. கற்பிக்கத்தக்கன

பதஞ்சலி முனிவர் நியமத்துள் முதற்கண் வைத்தது தூய்மை. பல் துலக்கல், நீராடல், உண்ணுமுன் கைகழுவல், காய்ச்சி ஆறிய நீர் பருகல், மலசலகூடத்தைத் துப்புரவாக வைத்தல் என்பனவே மாணாக்கர்க்குரிய சுத்திகள். இவற்றின்பின், காலைப் பிரார்த்தனைக்கு முன் ஐந்து நிமிடம் முதுகு நிமிர்த்தி அமர்ந்து, மூச்சை அடக்காது மெல்ல உள்வாங்கி மெல்ல வெளிவிடப் பழக்குக. கண் மூட அஞ்சும் பிள்ளையை வற்புறுத்தற்க. போர்க்காலத்தின் துயரத்தை இல்லத்தில் இன்னுங் கேட்டு வளரும் பிள்ளைகள் பலர். உபாத்தியாயர் தாமே முன்னமர்ந்து செய்து காட்டுக. இயமம் நியமம் என்னும் அடித்தளமின்றி எழுப்பும் யோகம் நிலைபெறாது.

பயிற்சி வினாக்கள்

1. அறுவகைச் சுத்திகளின் பெயரையும் தொழிலையுங் கூறுக.
2. சுவாத்மாராமர் இவற்றை யாவர்க்கு விதித்தார்? யாவர்க்கு விலக்கினார்?
3. உப்புநீர் பருகிக் குடல் கழுவுதல் மாணாக்கர்க்கு ஆகாமைக்குக் காரணம் யாது?
4. உமது பள்ளியிற் பருகுநீர் எங்கிருந்து வருகின்றது? காய்ச்சப்படுகின்றதா?