முழுக்கோடு போட்டால் மோட்டார் நின்றுவிடுமா?

தம்பி,

காட்டேரிக்குப்பத்துப் போர்வெல் மோட்டார்களுக்கென்று நீ எழுதிய ஸ்டார்ட்டர் பெட்டி வரைவைப் படித்தேன். இருந்தாக வேண்டியதற்கு முழுக்கோடு, இருக்கலாம் என்பதற்குப் புள்ளிக்கோடு என்று வரையும் மோடல் டிரான்சிஷன் சிஸ்டம் பற்றி உனக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. லார்சனும் தாம்சனும் 1988இல் எழுதியதை நீயே குறிப்பிட்டிருக்கிறாய். என் எரிச்சலெல்லாம் நான்காம் பக்கத்துப் படத்தின் மேல்தான்.

'தண்ணீர் வற்றியது' என்ற நிலையிலிருந்து 'மோட்டாரை நிறுத்து' என்று முழுக்கோட்டு அம்பு. அதே நிலையில் கிளம்பி அங்கேயே திரும்பும் புள்ளிக்கோடு, 'குறுஞ்செய்தி அனுப்பு'. கீழே ஒரு வரி: 'ஆகவே மோட்டார் நிச்சயம் நிற்கும்.' எங்கிருந்து வந்தது இந்த ஆகவே? பெட்டியை யார் செய்தாலும் அந்த நிலையில் நிறுத்தும் வழி இருந்தாக வேண்டும், முழுக்கோடு கேட்பது அவ்வளவுதான். அந்த வழியில் போய்த்தான் தீர வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஏரிக்கரைக் கழனியில் சிக்னல் படும் பாடு உனக்குத் தெரியாததா? செய்தி போகாவிட்டால் மறுபடி அனுப்பு, மறுபடியும் அனுப்பு என்று ஒருவன் புரோகிராம் எழுதுகிறான். உன் இரண்டு அம்பும் அதில் இருக்கின்றன. வரைவுக்கு மாறாக அவன் எதுவும் செய்யவில்லை. மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிச் சுற்றிக் காயில் கருகுகிறது.

டாமும் ஹாரெலும் லைவ் சீக்வென்ஸ் சார்ட் கொண்டுவந்ததே இந்தக் குறைக்காகத்தான். பழைய மெசேஜ் சீக்வென்ஸ் சார்ட்டில் நடந்தே தீர வேண்டியதும் நடக்கக்கூடியதும் ஒரே கோலத்தில் கிடந்தன. இவர்கள் கோட்டில் 'சூடான' இடம் என்று குறித்தால், அங்கே தேங்கி நிற்கக் கூடாது, அடுத்த படிக்கு நகர்ந்தாக வேண்டும். 2003இல் ஹாரெலும் பி. எஸ். தியாகராஜனும் சேர்ந்து இதைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. தொண்ணூறுகளில் தியாகராஜன் தி. நகரில் ஸ்பிக் கணிதப் பள்ளியில் இருந்தார். இன்றைக்குச் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம் அதுதான். அந்த நாளில் திண்டிவனம் வழி பஸ்ஸில் தி. நகருக்குப் போய் அங்கே ஜெராக்ஸ் எடுப்போம். பிறகு பாண்டி பஜாரில் காபி. கூட வரும் நண்பர் மேசையில் சிந்திய காபியிலேயே அம்பு வரைந்து சண்டை பிடிப்பார். சர்வர் வந்து துணியால் துடைத்தால்தான் வாதம் முடியும்.

இன்னொன்று. 'கையால் இயக்கு' என்பதற்கு ஏன் புள்ளிக்கோடு? விவசாயி அமுக்கினாலும் அமுக்குவார், விட்டாலும் விடுவார் என்று நினைத்திருப்பாய். அது அவர் இஷ்டம். புள்ளிக்கோடு பெட்டி செய்கிறவனுக்குத் தரும் இஷ்டம். காசு மிச்சம் என்று அவன் அந்தச் சுவிட்சையே தூக்கிவிட்டால் அவனைக் கேட்க உன்னிடம் ஒன்றும் இல்லை. அது முழுக்கோடாகத்தான் இருக்க வேண்டும். போதாததற்கு, நீ இன்னும் முடிவு செய்யாத சங்கதிகளுக்கும் அதே புள்ளிக்கோடு! முடிவு செய்யாததை 'முடிவாகவில்லை' என்று எழுதிவிட்டுப் போயேன், யார் அடிக்கப் போகிறார்கள்?

ஆனால் ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். தண்ணீர் வற்றியதை அறிய மிதவையோ மின்னோட்ட அளவோ, இரண்டில் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும், எது என்பது செய்கிறவன் விருப்பம் என்று இரண்டு அம்பையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறாய். லார்சனும் லியூ ஷின்ஷினும் 1990இல் கண்ட அதே முடிச்சு. அவர்களை நீ எங்குமே குறிப்பிடவில்லை. நீயாகவே வந்து சேர்ந்திருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாதே.

நான்காம் பக்கத்தைத் திருத்தும்போது எத்தனை விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பதையும் எழுது. பெட்டி தயாரானதும் என் கழனி மோட்டாரில்தான் முதலில் மாட்ட வேண்டும், சிம் கார்டைக் கழற்றிவிட்டு.