அலகு 7: குடும்பத்துக்கு உரிய மரவளமும் நிலைபேறான வன முகாமைத்துவமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்



"நிலைபேறான வன முகாமைத்துவம் என்றால் என்ன?" என்று கேட்டால் பலர் "மரங்களை வெட்டாமல் பாதுகாத்தல்" என்று எழுதிவிடுகின்றனர். இவ்விடை முழுமையற்றது. மரத்தை வெட்டலாம், ஆனால் வெட்டும் அளவு வளரும் அளவை மீறக் கூடாது. இந்த ஒரு வரியே இப்பாடத்தின் உயிர்நாடி.

1. வரைவிலக்கணம்

இன்றைய தேவையை நிறைவு செய்யும் அதேவேளை, வருங்காலச் சந்ததியின் தேவைக்கும் குறைவு வராதவாறு வனத்தைப் பயன்படுத்துவதும் பேணுவதும் நிலைபேறான வன முகாமைத்துவம் ஆகும்.

இக்கருத்து புதியதன்று. 1713இல் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியைச் சேர்ந்த கார்லோவிற்ஸ் என்பவர், சுரங்கங்களுக்காகக் காடுகள் அழிவதைக் கண்டு இதனை நூலாக எழுதினார். 1987இல் புறுண்ட்லாண்ட் ஆணைக்குழுவின் அறிக்கை, நிலைபேறான அபிவிருத்தி என்னும் கருத்தை உலகறியச் செய்தது.

2. வனம் யாருக்கு உரியது?

பின்லாந்தில் வனங்களின் பாதிக்கு மேற்பட்ட பங்கு குடும்பங்களுக்கும் தனியாருக்கும் சொந்தமானது. இலங்கையில் நிலைமை வேறு. இங்கு இயற்கை வனங்களில் பெரும்பாலானவை அரசுக்கு உரியவை. அப்படியானால் எமது குடும்பங்களிடம் வனமே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் வளவு.

1990இல் இயற்கை வனங்களில் மரம் வெட்டுவதை அரசு தடை செய்தது. அதன்பின் நாட்டின் மரத் தேவையில் பெரும் பங்கை வீட்டுத் தோட்டங்களே நிறைவு செய்து வருகின்றன.

3. மட்டக்களப்பு வளவு

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இருகரை வளவுகளிலும் தென்னை, பனை, மா, பலா, புளி, வேம்பு, முருங்கை ஆகியன கலந்து வளர்கின்றன. வேலியில் கதியாலாகப் பூவரசும் கிளிசிறிடியாவும் நிற்கும். உயர்ந்த மரம், நடுத்தர மரம், செடி, கிழங்கு எனப் பல அடுக்குகள் காணப்படுவதால் வளவு சிறு வனம் போலவே இயங்குகிறது.

இப்பிரதேசத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். ஆகவே இன்று உங்கள் அம்மம்மா நட்ட மரம் நாளை பேத்தியின் சொத்து. பனை பூத்துக் காய்க்க ஏறத்தாழ 15 தொடக்கம் 20 ஆண்டுகள் ஆகும். நடுபவருக்கு அன்றி, அடுத்த தலைமுறைக்கே அதன் முழுப்பயன் கிடைக்கும்.

4. ஒரு கணக்கு

ஒரு வளவில் 1 வயது தொடக்கம் 30 வயது வரை, வயதுக்கு ஒன்றாக 30 தேக்கு மரங்கள் உள்ளன என்று கொள்வோம். மரம் முதிர 30 ஆண்டுகள் தேவை.

- ஆண்டுக்கு 1 மரம் வெட்டி 1 கன்று நட்டால், வளவில் என்றும் 30 மரங்கள் இருக்கும்.
- ஆண்டுக்கு 3 மரங்கள் வெட்டினால், கன்று நட்டாலும் 10 ஆண்டில் பழைய மரங்கள் முடிந்துவிடும். முதலில் நட்ட கன்றுக்கு அப்போது வயது 10 மாத்திரமே. இன்னும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

எனவே நடுதல் மட்டும் போதாது. வெட்டும் வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும்.

5. சட்டம்

சொந்தக் காணியில் நிற்கும் மரமாயினும் எல்லாவற்றையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு)ச் சட்டத்தின்கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி பெறல் வேண்டும். இவை மக்களுக்கு உணவு தரும் மரங்கள்.

பெண்பனைக்கு மட்டும் ஏன் பாதுகாப்பு? நுங்கும் பழமும் விதையும் தருவது பெண்பனையே. அதற்காக ஆண்பனையை முற்றாக அழித்துவிடலாமா? கூடாது. மகரந்தம் இன்றிக் காய் இல்லை.

வாவிக்கரையில் உள்ள கண்டற் காடுகள் வளவின் பகுதி அல்ல. உங்கள் வேலி அதுவரை சென்றாலும் அவற்றை வெட்டக் கூடாது. இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கும் இடம் அதுவே. இலங்கையின் கண்டல் மீளுருவாக்கப் பணியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது.

6. எதிர்நோக்கும் சிக்கல்கள்

- காணி துண்டாடப்படல்: வளவு பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படும்போது வீடு கட்ட மரங்கள் வெட்டப்படுகின்றன.
- யுத்தம்: காவலரண்கள் அமைக்கப் பெருமளவு பனைகள் தறிக்கப்பட்டன. இன்று நடும் வடலியே அவ்விழப்பை ஈடுசெய்யும்.
- இயற்கை அனர்த்தம்: 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியில் மாவட்டத்தின் பெரும்பாலான தென்னைகள் அழிந்தன. தென்னையை மட்டும் நம்பிய குடும்பத்தின் வருமானம் ஒரே இரவில் போயிற்று. பல இன மரங்களை வளர்ப்பதன் அவசியத்தை இது உணர்த்துகிறது.

நினைவிற் கொள்க

வெட்டும் அளவு ≤ வளரும் அளவு. பல இனம், பல வயது, பல பயன்.

மாதிரி வினா

வீட்டுத் தோட்டம் நிலைபேறான வன முகாமைத்துவத்துக்கு உதவும் மூன்று வழிகளைத் தருக. (3 புள்ளிகள்)

விடை: (1) மரத் தேவையை நிறைவு செய்து இயற்கை வனத்தின் மீதான அழுத்தத்தைக் குறைத்தல். (2) பல இன மரங்களால் உயிர்ப் பல்வகைமையைப் பேணல். (3) மண்ணரிப்பைத் தடுத்தல்.

பயிற்சி

உங்கள் வளவில் உள்ள மரங்களைப் பெயர், எண்ணிக்கை, நட்டவர், பயன் என அட்டவணைப்படுத்துக. நட்டவர் யாரென வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டறிக. இறுதி நிரலில் நீங்கள் நட்ட மரம் ஒன்றேனும் உண்டா எனக் குறிப்பிடுக. இல்லையெனில், வரும் மாரி மழைக்கு முன் ஒரு பனங்கொட்டையாவது ஊன்றுங்கள்.